ரெண்டு பவுன் வளையலும் ஒரு பாஸ் கிட்டாரும்

கெங்குவார்பட்டியில் அந்த வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப் பெயரோ கதவு எண்ணோ சொல்வதில்லை. "மைக்செட்காரர் வீடா? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போங்க. எந்த வீட்டு ஜன்னல் அதிருதோ, அதுதான்" என்கிறார்கள்.

ஜன்னல் மட்டுமல்ல, சமையலறை அலமாரியும் அதிரும். குறிப்பாக மேல்தட்டில் இருக்கும் எவர்சில்வர் சொம்பு. பாஸ் கிட்டாரின் தடித்த தந்திக்கு அடுத்த தந்தியை அவர் அழுத்தாமல் மீட்டினால், அந்தச் சொம்பு மட்டும் வண்டு போல ரீங்காரமிடும். மற்ற பாத்திரங்கள் சும்மா இருக்கும். எந்தச் சுரத்துக்கு எந்தப் பாத்திரம் பதில் சொல்லும் என்பது அவரைவிட அவர் மனைவிக்கு நன்றாகத் தெரியும். 42 வருடக் குடித்தனம்.

இந்த வீட்டுக்குத்தான் சில மாதங்களுக்கு முன்பு பெங்களூரிலிருந்து ஓர் இளைஞர் காரில் வந்தார். பழைய கிட்டார்களைத் தேடித் தேடி வாங்குபவர். ஒரிஜினலாக இருந்தால் 3 லட்சம் ரூபாய் தருவதாகப் போனிலேயே சொல்லியிருந்தார். அன்று வீட்டில் நடந்ததைச் சொல்வதற்கு முன், அந்த கிட்டார் இந்த வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

மைக்செட்காரருக்கு இப்போது 65 வயது. பெயர் போட வேண்டாம் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. "ஊருக்குள்ள எனக்குப் பேரு மைக்செட்டுதான். வேற பேரு போட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

1976-ல் பதினாறு வயதுப் பையனாக வத்தலக்குண்டில் ஒரு மைக்செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை என்றால் மரம் ஏறுவது. கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடை என எங்கே விசேஷம் என்றாலும் அங்கே இருப்பதிலேயே உயரமான வேப்பமரத்திலோ தென்னையிலோ ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்ட வேண்டும். 'அன்னக்கிளி' வந்த வருடம் அது. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு பகல் போய்வரும் தூரம்தான். இன்று இரண்டு ஊரும் தேனி மாவட்டம். அன்று மதுரை மாவட்டம். 'நம்ம பக்கத்துப் பையன்' போட்ட பாட்டைக் கேட்க சுற்றுப்பட்டி முழுக்கப் போட்டி. ஒரே இசைத்தட்டை ஒரே நாளில் முப்பது தடவை போட்டிருக்கிறார்கள்.

"அஞ்சு வருசம் அப்படியே போச்சு. ராஜா பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்கிறார்.

1981-ல் கடை முதலாளியுடன் கொடைக்கானலில் ஒரு பங்களாவுக்கு ரெக்கார்டு பிளேயர் பழுது பார்க்கப் போனார். ஆள் உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். அந்த மாதிரி அவர் அதுவரை பார்த்ததில்லை. ஊசியை மாற்றிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க அங்கே கிடந்த ஓர் இசைத்தட்டைப் போட்டார்கள். 'மூடுபனி'. இளையராஜாவின் நூறாவது படம். கிட்டாரோடு தொடங்கும் யேசுதாஸ் பாட்டு. திரையில் பிரதாப் போத்தன் கிட்டாரும் கையுமாகப் பாடுவாரே, அதேதான்.

"பாட்டுக்கு அடியில யாரோ ஒரு ஆளு தனியா நடந்து போற மாதிரி இருந்துச்சு. யேசுதாஸ் ஒரு பக்கம் போனா அந்த ஆளு இன்னொரு பக்கம் போறான். அவர் நின்னா இவன் நடக்குறான். மொதலாளிகிட்ட 'அண்ணே, இது என்னா சத்தம்'னு கேட்டேன். 'பாஸ் கிட்டாருடா'ன்னாரு. எனக்கு அழுகை வந்துருச்சு. அஞ்சு வருசமா ஊருக்கே ராஜா பாட்டு போட்டிருக்கோம். பாதிப் பாட்டைத்தான் போட்டிருக்கோம்!"

இது மிகையான பேச்சு இல்லை. குழாய் ஸ்பீக்கர் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. குரல் இரண்டு மைல் கேட்கும். ஆனால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை அது ஏறக்குறைய விழுங்கிவிடும். பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி அதிர்வது விநாடிக்கு சுமார் 41 தடவை. அந்த ஒலி அலையின் நீளம் 27 அடி. மைக்செட்காரரின் வீட்டுக் கூடத்தைவிட நீளம். அதை ஒரு தகரக் குழாய் எப்படி வெளியே தள்ளும்? ஆக, கிராமங்கள் எழுபதுகளில் ராஜாவைக் கொண்டாடியது அவருடைய பாஸ் கிட்டாரைக் கேட்காமலேதான்.

(இதைப் போனில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் போன் ஸ்பீக்கரும் இந்த விஷயத்தில் குழாய்க்குத் தங்கச்சிதான். அடியில் உள்ள ஒலியை அதால் தர முடியாது. மேலே கேட்கும் துணை ஒலிகளை வைத்து நம் மூளை ஒப்பேற்றிக்கொள்கிறது. நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் எஸ்.பி.பி. பாடிய நிலாப் பாட்டைக் கேளுங்கள். எல்லோரும் அதில் கிட்டாரைத்தான் புகழ்வார்கள். ஒரு தடவை கிட்டாரை விட்டுவிட்டு அடியில் நடப்பவரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.)

பாஸ் கிட்டார் என்பது பார்க்க கிட்டார் மாதிரி இருக்கும். பெரும்பாலும் நான்கே தந்திகள், கழுத்து நீளம், ஒலி மிகவும் தாழ்ந்தது. அதற்கு முன்பு இந்த வேலையைச் செய்தது டபுள் பாஸ். ஆள் உயர வயலின் போன்றது. டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்கினால் அது காணாமல் போய்விடும். 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பாஸ்' என்று மின்சாரத்தில் இயங்கும் ஒன்றைக் கொண்டுவந்தார். கழுத்தில் உலோகக் கட்டைகள் இருப்பதால் விரல் வைத்த இடத்தில் சுரம் சுத்தமாக விழும். 'பிரிசிஷன்' என்ற பெயர் அதனால்தான். 1960-ல் 'ஜாஸ் பாஸ்' வந்தது. இன்றுவரை உலகத்தில் விற்கும் பாஸ் கிட்டார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோதான்.

கொடைக்கானலிலிருந்து இறங்கிய பையனுக்கு வேறு நினைப்பே இல்லை. வத்தலக்குண்டில் தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்த ஒருவரிடம் போய் உட்கார்ந்தார். அவரிடம் இருந்தது சாதாரண கிட்டார். அதன் அடி நான்கு தந்திகளில் மட்டும் மூன்று வருடம் பழகினார். நடுவில், 1983-ல் கல்யாணம்.

1984-ல் கொடைக்கானலில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊர் திரும்பும்போது சாமான்களை விற்கிறார் என்று செய்தி வந்தது. கட்டில், ஸ்டவ், சைக்கிள். கூடவே ஒரு பாஸ் கிட்டார். தலைப்பகுதியில் கம்பெனிப் பெயர் சுரண்டப்பட்டிருந்தது. "ஃபெண்டர்" என்று சொன்னார்களாம். விலை 2,200 ரூபாய்.

அவருடைய மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்தால் வருடக் கணக்கில் ஆகும். மனைவியின் கையில் இரண்டு பவுனில் ஒரு ஜோடி வளையல் இருந்தது. பிறந்த வீட்டுச் சீர். "ஆறே மாசம். திருப்பித் தந்துர்றேன்" என்று கேட்டார். கழற்றிக் கொடுத்துவிட்டார்.

அடகு மூழ்கிவிட்டது.

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்குகிறது. "வட்டி கட்டலாம்னு நெனச்ச மாசம் பார்த்து அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு. அப்புறம் கடைக்காரரு ஏலம் விட்டுட்டாரு. வீட்டுல ஒண்ணும் சொல்லலை. அதுதான் கஷ்டமா இருந்துச்சு."

அதன் பிறகு பதினேழு வருடம் இன்னிசைக் குழுக்களில் வாசித்தார். வீரபாண்டி சித்திரைத் திருவிழா, தேவதானப்பட்டி காமாட்சியம்மன் கோயிலின் மாசி சிவராத்திரி, உசிலம்பட்டிப் பக்கத்துக் கல்யாணங்கள். இரவு பத்து மணிக்குப் பக்திப் பாட்டில் தொடங்கினால் விடிய விடிய. பகலில் மைக்செட், இரவில் கச்சேரி. கூலி குறைவு. "ஆனா ராஜா எழுதின பாஸை வாசிச்சுக்கிட்டு நிக்கிறப்ப கூலியெல்லாம் ஞாபகத்துக்கு வராது. மத்தவங்க பாஸுக்கு சுதியை மட்டும் தட்டச் சொல்லுவாங்க. அவரு பாஸுக்குன்னு தனி மெட்டே எழுதியிருக்காரு. சசிதரன் அண்ணன் அதை வாசிச்சிருக்கிற அழகு இருக்கே... ஒரு சுரம் கூட சும்மா கெடக்காது."

ஆம்ப்ளிஃபயர் பற்றிப் பேச்சை எடுத்தால் போதும், மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார். தொழிலே அதுதானே.

முதலில் அவர் வாசித்தது மைக்செட்டின் வால்வு ஆம்ப்ளிஃபயரில்தான். சுவிட்சைப் போட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால்தான் சத்தம் வரும். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்தான் உசத்தி, அதன் ஒலியில் ஒரு வெதுவெதுப்பு இருக்கிறது என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். இவர் சிரிக்கிறார். "வால்வு சூடாகுதுங்கிறதுக்காகச் சத்தம் சூடாயிருமா? அளவா வச்சு வாசிச்சா வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் கண்ணைக் கட்டிவிட்டா பாதிப் பேரு கண்டுபிடிக்க மாட்டான்." ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். சக்திக்கு மேல் திருகும்போது வால்வு மெதுவாக, கனிந்து கரகரக்கும்; டிரான்சிஸ்டர் தகரத்தைக் கிழித்தது போல வெடுக்கென்று உடையும். "கல்யாண வீட்டுல எப்பவுமே சக்திக்கு மேலதான் திருகச் சொல்லுவான். அதனால எங்களுக்கு வால்வு நல்லது. அம்புட்டுத்தான் ரகசியம்."

அவரைப் பொறுத்தவரை பாஸுக்கு முக்கியம் ஆம்ப்ளிஃபயர் இல்லை, பெட்டி. பதினைந்து அங்குல ஸ்பீக்கரை வாங்கிவிட்டு, பெட்டிக்குக் காசு இல்லாமல் பெரியகுளம் மாம்பழம் போகிற பலகைகளை வாங்கி ஆணியடித்திருக்கிறார். முதல் கச்சேரியிலேயே பாஸைவிடப் பலகைதான் அதிகம் வாசித்ததாம். இரண்டாவது பெட்டி கனமான பிளைவுட்டில், உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்து, மூலைக்கு மூலை பசை ஊற்றிச் செய்தது. அதுதான் இன்றும் கூடத்தில் இருக்கிறது. மேலே டிவி.

வெளிநாட்டில் 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடி என்ற ஆம்ப்ளிஃபயரைப் படத்தில் காட்டினார்கள். 300 வாட், அதோடு சேரும் பெட்டியில் பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு. பிரிட்ஜ் அளவு. "நல்லாத்தான் இருக்கும். ஆனா அதை மேடைக்கு ஏத்த நாலு பேரு வேணும். எங்க குழுவே எட்டுப் பேரு. அதுல ஒருத்தர் மிமிக்ரி, அவரு ஒண்ணையும் தூக்க மாட்டாரு."

எர்த் இல்லாத பந்தல்களில் வாசித்த காலம் அது. பாஸைத் தொட்டுக்கொண்டே மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்று இழுக்கும். அதனால் மேடையில் செருப்பைக் கழற்ற மாட்டார். சாமி கும்பிடும் மேடையில் செருப்போடு நிற்கிறான் என்று ஓர் ஊரில் சண்டையே வந்திருக்கிறது. கடைசியில் ரப்பர் பாயைப் போட்டு வெறுங்காலோடு நின்று சமாதானம் ஆனது.

தந்தி இன்னொரு கதை. பாஸ் தந்தி தேனியில் கிடைக்காது. மதுரையிலும் எப்போதாவதுதான். ஒரு செட் தந்தியை நாலைந்து வருடம் ஓட்ட வேண்டும். வியர்வையும் அழுக்கும் ஏறித் தந்தி மந்தமானால் கழற்றிக் கொதிக்கும் வெந்நீரில் போட்டு எடுப்பார். அழுக்கு கரைந்து கொஞ்ச நாளைக்குப் பழைய கணீர் வரும். உலகம் முழுக்க பாஸ் வாசிப்பவர்கள் செய்த வித்தைதான். இவர் போட்டது சோறு வடிக்கும் பானையில். அன்று கேட்ட வசவு வேறு கதை.

இன்னொரு கட்சியும் உண்டு. பழைய தந்திதான் சுகம் என்பது. அமெரிக்காவின் மோட்டவுன் பாட்டுகளுக்கு பாஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தந்தி அறுந்தாலொழிய மாற்ற மாட்டார் என்பார்கள். வழவழப்பாகச் சுற்றிய தந்தி. 'டும்' என்று விழுந்து அடங்கும். மைக்செட்காரருக்கு இது யூடியூப் பார்த்துத்தான் தெரிந்தது. "நாங்க காசில்லாம மாத்தலை. அவரு இஷ்டப்பட்டு மாத்தலை. சத்தம் ஒண்ணுதான்!"

சரி, பழைய கிட்டார்களுக்கு ஏன் இந்த விலை?

ஃபெண்டர் கம்பெனியை 1965-ல் சிபிஎஸ் என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. அதன் பிறகு தரம் இறங்கியது என்பது ரசிகர்களின் பொதுவான நம்பிக்கை. அதனால் 1965-க்கு முந்தையது என்றால் தனி மரியாதை, தனி விலை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹாஃப்னர் பாஸ் 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடுபோனது. ஐம்பது வருடம் கழித்து அதைத் தேடுவதற்கென்றே ஒரு குழு கிளம்பி, கண்டுபிடித்து, அவரிடம் சேர்த்தது. 2024 பிப்ரவரியில் உலகச் செய்தியானது.

மைக்செட்காரர் அந்தச் செய்தியைப் போனில் பேத்தி படித்துக் காட்டக் கேட்டிருக்கிறார். அதில் அவருக்குப் பிடித்தது விலை இல்லை. "அது ஒரு வீட்டு மாடியில சும்மா கெடந்திருக்கு பாருங்க. வாசிக்காமப் போட்டு வச்சா கழுத்து வளைஞ்சிரும். கம்பி இழுக்குற இழுப்பு அப்படி." கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை முறுக்கி அதைச் சரி செய்வார்கள். ஆடிக் காற்றில் ஒரு தடவை, மார்கழிக் குளிரில் ஒரு தடவை என்று வருடத்துக்கு இரண்டு முறை இவர் முறுக்குகிறார். காருக்கு சர்வீஸ் மாதிரி.

பழசுதான் நல்லது என்ற பேச்சில் அவருக்கு நம்பிக்கை இல்லை. "அந்தக் காலத்துலயும் மட்டமான கிட்டாரு ஆயிரம் செஞ்சிருப்பான். அதெல்லாம் அடுப்புக்குப் போயிருச்சு. நல்லா இருந்ததைத்தான் யாரும் தூக்கிப் போடலை. இன்னைக்கு அதைப் பார்த்துட்டு அந்தக் காலத்துல எல்லாமே நல்லா இருந்துச்சுங்கிறோம்." மனிதர்களைப் பற்றியும் இதையே சொல்வாரா என்று கேட்டால், வெற்றிலையை மென்றபடி சிரிக்கிறார்.

தொண்ணூறுகளின் நடுவில் கீபோர்டு வந்தது. பாஸை இடது கையில் அவரே வாசித்துவிடுவார். ஓர் ஆள் கூலி மிச்சம். குழுக்களில் முதலில் நிறுத்தப்பட்டது பெரும்பாலும் பாஸ் கிட்டார்தான். பாடகரை நிறுத்த முடியாது, தபேலாவை நிறுத்தினால் தெரிந்துவிடும். பாஸ் இல்லை என்பது கூட்டத்துக்கு உடனே தெரியாது; ஏதோ ஒன்று குறைகிறது என்று மட்டும் தோன்றும். 2001-ல் ஒரு நாள், "அண்ணே, அடுத்த புரோகிராம் நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்கள். அவ்வளவுதான். சண்டை போடவில்லை. கீபோர்டுக்காரர் மேல் கோபமும் இல்லை. "அந்தத் தம்பி இடது கை நல்லாத்தான் போச்சு" என்கிறார், கொஞ்சம் யோசித்துவிட்டு.

இப்போதைய டிஜே பெட்டிகள் மேல்தான் கோபம். "நெஞ்சு அதிருது, வயிறு அதிருது. என்னா சுரம்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியலை. அன்னைக்குக் குழாயில பாஸே இல்லை, இன்னைக்கு பாஸைத் தவிர ஒண்ணும் இல்லை." ரஹ்மான் பாட்டில் கீத் பீட்டர்ஸ் வாசித்தால் உட்கார்ந்து கேட்கிறார். மோகினி டே வாசிப்பதைப் பேத்தி காட்டியபோது முதலில் "என்னா வேகம்ப்பா, ரயிலு மாதிரி" என்று முகம் சுளித்தவர், மறுநாள் தானே போனை வாங்கித் திரும்பப் பார்த்திருக்கிறார்.

போன வருடம் காது டாக்டரிடம் போனார். பேத்தி பேசுவது சரியாக விளங்கவில்லை. முப்பது வருடம் குழாய்க்கும் டிரம்ஸுக்கும் பக்கத்தில் நின்ற காது. பரிசோதனையில் மேல் ஒலிகள் நிறையப் போய்விட்டன என்று தெரிந்தது. வயதாலும் இரைச்சலாலும் காது கெட்டால் பெரும்பாலும் முதலில் போவது உச்ச ஒலிதான். தாழ்ந்த ஒலி கடைசிவரை தாக்குப்பிடிக்கும். இப்போது அவருக்குப் பாட்டில் ஜால்ரா சரியாகக் கேட்பதில்லை. குருவிச் சத்தம் இல்லை. குக்கர் விசில் தூரத்தில் எங்கோ கேட்கிறது. பாஸ் மட்டும் அப்படியே கேட்கிறது.

இனி பெங்களூர் இளைஞர்.

மகன்தான் சில வருடங்களுக்கு முன் பழைய ஃபெண்டர்கள் லட்சக்கணக்கில் போகின்றன என்று இன்டர்நெட்டில் பார்த்துச் சொன்னவர். அன்றிலிருந்து மைக்செட்காரரின் மனைவிக்கு ஒரு தெம்பு. வளையல் போகவில்லை, அந்தக் கிட்டாருக்குள் பத்திரமாக இருக்கிறது என்ற தெம்பு. நாத்தனாரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். இப்போது பேத்திக்குக் கல்லூரிச் சேர்க்கை. மகன் படம் எடுத்துப் போட, பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தது.

வந்த இளைஞர் மரியாதையானவர். "அங்கிள், கழுத்தைக் கழற்றிப் பார்க்கலாமா?" என்றார். நாற்பது வருடமாக யாரையும் கழற்ற விட்டதில்லை. மனைவி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். "பாருங்க தம்பி" என்றார் மைக்செட்காரர்.

நான்கு திருகாணிகள். அந்தக் காலத்து ஃபெண்டரில் பெரும்பாலும் கழுத்தின் அடிப்பகுதியில் தேதி இருக்கும். இதில் வெறும் மரம். மேல் தகட்டைத் திறந்தார். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுக் கட்டுப்பாடுகளில், அமெரிக்கத் தயாரிப்பு என்றால் 137 என்றோ 304 என்றோ தொடங்கும் எண் இருக்கும். அதிலிருந்து வருடத்தைக்கூடக் கணக்கிடலாம். இதில் இருந்தது ஜப்பான் கம்பெனி முத்திரை.

இளைஞர் நிமிர்ந்தார். "சாரி அங்கிள். இது காப்பி."

நிலைப்படியில் நின்றவர், "இந்தா, போட்டுட்டேன் தம்பி, கொண்டு வர்றேன்" என்று உள்ளே போனார்.

யாரும் சிரிக்கவில்லை. டம்ளரோடு அவர் திரும்பி வந்தபோது இளைஞர் விளக்கிக்கொண்டிருந்தார். எழுபதுகளில் ஜப்பான் கம்பெனிகள் அமெரிக்க கிட்டார்களை அச்சு அசலாகச் செய்தன. 1977-ல் கிப்சன் தரப்பு, ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற நிறுவனத்தின் மேல் வழக்கே போட்டது. அந்தக் காலத்து ஜப்பான் காப்பிகள் சில அசலுக்கு இணையாக இருக்கும், அவற்றுக்கும் இப்போது தேடுபவர்கள் உண்டு. "35,000 தர்றேன் அங்கிள்." டம்ளரைக் கீழே வைத்தவருக்கு அப்போதுதான் எந்தக் காப்பி என்று புரிந்தது.

"யோசிச்சுச் சொல்றோம் தம்பி" என்றார் அவர். கணவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று இரவு கேட்டார். "இது டூப்ளிகேட்டுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "தொண்ணூத்தாறுல" என்றார். அந்த வருடம் கட்டுப்பாடு ஒன்று கரகரத்ததால் இவரே தகட்டைத் திறந்து மாற்றியிருக்கிறார். ஜப்பான் ரேடியோக்களைப் பிரித்து மேய்ந்தவருக்கு அந்த முத்திரை தெரியாதா? தேனி தனி மாவட்டமான வருடத்திலிருந்து வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஏன் சொல்லலை?"

"உன் வளையல் இதுக்குள்ள இருக்குன்னு நீ நெனச்சுக்கிட்டு இருந்த. அதையும் ஏன் எடுக்கணும்னுதான்."

மூன்று நாள் பேச்சு இல்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் தங்கம் பவுன் விலையை டிவியில் சொன்னபோது மட்டும் ஒரு வாக்கியம் வந்தது. "பழசு விலை ஏறும்னா, வளையலையே வச்சிருந்திருக்கலாம்." கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொல்வதில் தப்பே இல்லை. இரண்டு பவுனின் இன்றைய விலைக்கு அந்தக் கிட்டாரைப் போலப் பலவற்றை வாங்கலாம்.

மைக்செட்காரர் அந்த மூன்று நாளும் கிட்டாரைத் தொடவில்லை. ஜன்னல் அதிராததைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் உறையிலிருந்து எடுத்தார். பெங்களூர் இளைஞர் திரும்ப மாட்டியதில் கழுத்து ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. திருகாணியைத் தளர்த்தி, நேர் பார்த்து, இறுக்கி, சுதி சேர்த்தார். டிவியை அணைத்துவிட்டு, காது டாக்டர் சொன்ன அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து வைத்து, 'மூடுபனி' பாட்டின் பாஸை ஆரம்பத்திலிருந்து வாசித்தார். பல்லவி முடிவதற்குள் சொம்பு ரீங்காரமிட ஆரம்பித்தது. சமையலறையில் பாத்திரம் நகரும் சத்தம். ரீங்காரம் நின்றது.

"சொம்பை எடுத்துக் கீழ வச்சிட்டேன்" என்று குரல் வந்தது. "என்னா இம்புட்டு மெதுவா வாசிக்கிறீங்க? இங்கிட்டுக் கேக்கலை."

டாக்டர் சொன்னதை மறந்து ஒரு திருகு கூட்டினார்.

35,000 ரூபாய் பேச்சு இன்னும் முடியவில்லை. பெங்களூர்க்காரர் இரண்டு தடவை வாட்ஸ்அப்பில் வணக்கம் போட்டிருக்கிறார். கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி அடுத்த மாதம். அந்த எண் மைக்செட்காரரின் போனில் இல்லை. மனைவியின் போனில்தான் இருக்கிறது.